கதவைத் திறப்பதா, மூடுவதா? நோய்த்தொற்று ஆய்வுகளும் சேரி மக்களின் உரிமையும்

வட தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றின் சேரியில் சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தை முடித்துக்கொண்டு நாங்கள் புறப்படும் வேளையில், இளைஞர்கள் சிலர் எங்களைச் சூழ்ந்துகொண்டனர். முந்தைய வாரம் ஏதோ ஒரு சுகாதார ஆய்வுக்காகக் களப்பணியாளர்கள் வந்திருந்தார்களாம். வீடு வீடாகக் கேள்விகள் கேட்டு, விரல் நுனியில் குத்தி இரண்டு சொட்டு இரத்தமும் எடுக்க முயன்றிருக்கிறார்கள். இளைஞர்கள் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டனர். "ரத்தத்த எடுத்துட்டுப் போவாங்களாம், முடிவ மட்டும் எங்களுக்குச் சொல்லமாட்டாங்களாம். அப்புறம் நாங்க எதுக்குக் குடுக்கணும், வக்கீல் தோழர்?" என்று ஒருவர் கேட்டார். பின்னால் நின்றிருந்த ஒரு பெண், "கை கழுவுறீங்களான்னு கேட்டாங்க. தண்ணி எத்தன நாளைக்கு ஒருவாட்டி வருதுன்னு ஒருத்தரும் கேக்கல" என்றார்.

அன்று நாங்கள் அளித்த பதில் எங்களுக்கே நிறைவளிக்கவில்லை. ஒப்புதல் கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை என்று சட்டத்தைச் சொல்லிவிட்டு வந்துவிட்டோம். உரிமை இருக்கிறது என்பது வேறு. அவ்வுரிமையை எப்படிப் பயன்படுத்தினால் நம் மக்களுக்கு நன்மை என்பது வேறு. இரண்டாவது கேள்விக்கு விடை காண வேண்டுமானால், இத்தகைய ஆய்வுகள் எவ்வாறு நடக்கின்றன, அவை எதைக் காட்டுகின்றன, எதை மறைக்கின்றன என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். கட்டுரையின் நோக்கம் அதுவே.

மருத்துவமனைக் கணக்கு ஏன் போதாது?

ஒரு நோய் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதை அறிய எளிய வழி, மருத்துவமனைப் பதிவேட்டைப் புரட்டுவது. ஆனால் அந்தப் பதிவேட்டில் இருப்போர் மருத்துவமனைக்கு வந்தவர்கள் மட்டுமே. வராதவர்கள் யார், ஏன் வரவில்லை என்பதைப் பதிவேடு சொல்லாது. வந்தவர்களைக் கொண்டு வராதவர்களையும் சேர்த்து மதிப்பிடும்போது பிழை நேர்கிறது. அந்தப் பிழை எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும் என்பதற்கு இந்தியாவின் எச்.ஐ.வி. கணக்கைவிடச் சிறந்த சான்று இல்லை.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைச் சோதித்து அதை வெளிக்கொணர்ந்தனர். அதன் பின்னர், நாடு முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் கண்காணிப்பு நடத்தும் முறை உருவானது. அரசு மருத்துவமனைகளுக்கு வரும் கர்ப்பிணிப் பெண்கள், பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வருவோர் முதலியோரின் இரத்தத்தைச் சோதித்து, அதிலிருந்து மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் நாட்டுக்கும் கணக்கு வகுத்தனர். அந்தக் கணக்கின்படி 2005இல் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோர் சுமார் 52 லட்சம் பேர்.

அதே காலத்தில் ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில் ஆய்வாளர்கள் வேறு வழியில் சென்றனர். மருத்துவமனைக்குப் போகாமல், மாவட்டம் முழுவதிலும் குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்தோரின் ஒப்புதலுடன் இரத்தம் எடுத்தனர். அம்முறையில் அம்மாவட்டத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 46 ஆயிரம் பேருக்குத் தொற்று இருப்பதாகத் தெரிந்தது. மருத்துவமனைக் கண்காணிப்பு முறையிலோ அதே மாவட்டத்துக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 12 ஆயிரம் என்று விடை வந்தது. ஏறக்குறைய இரண்டரை மடங்கு வேறுபாடு.

வேறுபாடு ஏன்? ஆய்வாளர்கள் முக்கியமான இரண்டு காரணங்களைச் சுட்டினர். ஒன்று, தொற்று இருப்பதாகத் தெரிந்தவர்களையும் ஐயத்துக்குரியவர்களையும் தனியார் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைக்குத் தள்ளிவிடும் வழக்கம். மற்றொன்று, அரசு மருத்துவமனைக்கு வருவோரில் ஏழைகளே மிகுதி என்பது. வசதி படைத்தவர்களின் இரத்தம் அந்தக் குப்பிகளுக்குள் வரவே இல்லை. ஏழைப் பெண்களின் இரத்தத்தைச் சோதித்து, அதையே ஒட்டுமொத்த மாவட்டத்தின் இரத்தமாகக் கணக்கிட்டதால் எண்ணிக்கை வீங்கியது. யாரிடமும் கேட்காமல் ஒரு வர்க்கம் மட்டும் முழுச் சமூகத்துக்குமான சோதனைப் பொருளாக ஆக்கப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

2005-06ஆம் ஆண்டின் மூன்றாவது தேசியக் குடும்பநல ஆய்வு இதே வழியை நாடு முழுமைக்கும் விரிவாக்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் இரத்தம் சோதிக்கப்பட்டது. 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் தொற்று 0.28 விழுக்காடு என்று தெரிந்தது. இம்முடிவையும், விரிவுபடுத்தப்பட்ட கண்காணிப்பு மையங்களின் தரவுகளையும் இணைத்து 2007 ஜூலையில் அரசு புதிய மதிப்பீட்டை வெளியிட்டது. 52 லட்சம் என்பது சுமார் 25 லட்சமாகக் குறைந்தது. நோய் ஓராண்டில் பாதியாகிவிடவில்லை. எண்ணும் முறை மாறியது, அவ்வளவே.

அந்த ஆய்வில் நாகாலாந்தில் மட்டும் உள்ளூர் எதிர்ப்பின் காரணமாக எச்.ஐ.வி. சோதனை நடைபெறவில்லை. மறுக்கும் உரிமை அம்மக்களுக்கு இருந்தது. அதே வேளையில், எச்.ஐ.வி. பரவல் கவலைக்குரியதாக இருந்த வடகிழக்கு மாநிலம் ஒன்றின் உண்மை நிலை அந்த ஆய்வில் வெற்றிடமாகவே நின்றது. கதவை மூடுவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை இது உணர்த்துகிறது.

ஒரு பானை சோறும் கிளறாத பானையும்

சில ஆயிரம் வீடுகளைப் பார்த்துக் கோடிக்கணக்கான மக்களைப் பற்றி எப்படிப் பேச முடியும்? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானை முழுதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் அந்த ஒரு சோறு உண்மை சொல்லும். அடியில் தீய்ந்தும் மேலே வேகாமலும் இருந்தால் எந்த இடத்தில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே பதம் அமையும். ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கிடக்கும் இந்தியக் கிராமம் கிளறப்படாத பானை.

குடும்பநல ஆய்வை வடிவமைப்போர் இதை ஓரளவு அறிந்தே இருக்கிறார்கள். நான்காம், ஐந்தாம் ஆய்வுகளில் கிராமங்களை அவற்றின் அளவைக் கொண்டும், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள்தொகையின் விழுக்காட்டைக் கொண்டும் அடுக்குகளாகப் பிரித்தனர். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் கிராமங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தனர். தேர்வான கிராமத்தில் எல்லா வீடுகளையும் பட்டியலிட்டு, அப்பட்டியலிலிருந்து 22 வீடுகளை எடுத்தனர். கிராமம் 300 வீடுகளுக்கும் மேற்பட்டதாக இருந்தால், அதைப் பகுதிகளாகப் பிரித்து இரண்டு பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

மாணவத் தோழர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். பெரிய கிராமத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும்போது ஊரும் சேரியும் பெரும்பாலும் வெவ்வேறு பகுதிகளில் விழும். குலுக்கலில் சேரி விழாமல் போகலாம். நாடு முழுமைக்கும் சேர்த்துப் பார்க்கும்போது இது ஈடுசெய்யப்பட்டுவிடும்; புள்ளியியலில் குற்றமில்லை. ஆனால் ஒரு மாவட்டத்தின் முடிவை எடுத்துக்கொண்டு, இந்த மாவட்டத்துச் சேரிகளில் நிலைமை இதுதான் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவ்வளவு நுட்பமாகப் பேசும் ஆற்றல் அந்த மாதிரிக்கு இல்லை. எந்த எண் எந்த அளவு பேசக்கூடியது என்பதை அறியாமல் நாமும் அதைப் பயன்படுத்தக் கூடாது. பிறர் நமக்கெதிராகப் பயன்படுத்தவும் விடக் கூடாது.

மேலும், இந்தத் தேர்வுக்கெல்லாம் அடிப்படை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், சாதிவாரிக் கணக்கெடுப்புடன் சேர்த்து 2027க்கு அறிவிக்கப்பட்டது. 2011க்குப் பின் உருவான மறுகுடியமர்வுக் குடியிருப்புகளும் புறநகர்க் குடிசைப் பகுதிகளும் பழைய பட்டியலில் எப்படி இருக்கும்? 'வீடு' என்பதை அலகாகக் கொள்ளும் ஆய்வில் நடைபாதையில் உறங்குவோரும், சிறையில் இருப்போரும், விடுதி மாணவரும் இடம்பெறுவதில்லை. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போன குடும்பத்தின் வீடு பூட்டிக் கிடக்கும். எச்.ஐ.வி. மதிப்பீட்டின்போதும், வீடுகளில் அகப்படாத குழுக்களுக்குத் தனிக் கணக்குச் சேர்க்க வேண்டியிருந்தது இதனால்தான்.

மருத்துவமனை காணாத நோய்

எச்.ஐ.வி. விஷயத்தில் மருத்துவமனைக் கணக்கு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டியது. காசநோயில் நிலைமை நேர்மாறானது. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வில், மக்களைத் தேடிச் சென்று, அறிகுறிகளைக் கேட்டு, நடமாடும் வண்டியில் மார்பு எக்ஸ்ரே எடுத்து, சளியைச் சோதித்தனர். 15 வயதுக்கு மேற்பட்டோரில் லட்சத்துக்கு 316 பேருக்கு நுரையீரல் காசநோய் உறுதியானது. அவர்களுள் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் எக்ஸ்ரேவால் மட்டுமே கண்டறியப்பட்டவர்கள். இருமல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போயிருந்தால் அவர்கள் கணக்கில் வந்தே இருக்க மாட்டார்கள். அறிகுறி இருந்தவர்களிலும் 64 விழுக்காட்டினர் எந்தச் சிகிச்சையையும் நாடவில்லை.

கொரோனாக் காலத்திலும் இதைக் கண்டோம். இரத்தத்தில் உள்ள எதிரணுக்களைக் கொண்டு முன்னர்த் தொற்று ஏற்பட்டதா என்று அறியும் ஆய்வை, நாளிதழ்கள் 'சீரோ சர்வே' என்று எழுதின. 2020 ஆகஸ்ட், செப்டம்பரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய இரண்டாம் சுற்றில், நகரக் குடிசைப் பகுதிகளில் 15.6 விழுக்காட்டினரிடமும், நகரின் பிற பகுதிகளில் 8.2 விழுக்காட்டினரிடமும், கிராமங்களில் 4.4 விழுக்காட்டினரிடமும் எதிரணுக்கள் இருந்தன. பதிவான ஒவ்வொரு தொற்றுக்கும் உண்மையான தொற்றுகள் 26 முதல் 32 வரை இருந்திருக்கலாம் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. அதற்கு முன் ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் நடந்த ஆய்வில் இடைவெளி இன்னும் பெரிது. குடிசைப் பகுதிகளில் 57 விழுக்காடு. மற்ற பகுதிகளில் 16 விழுக்காடு. ஒரே வார்டுக்குள், ஒரு தெருவின் இரு பக்கங்களில் வாழ்வோரிடையே இவ்வளவு வேறுபாடு. 'சமூக இடைவெளி'யைக் கடைப்பிடியுங்கள் என்று அரசு சொன்னபோது, பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் வாழும் குடும்பம் எங்கே போய் இடைவெளி விடும் என்ற கேள்விக்கு அந்த எண்கள் சான்றாயின.

ஆகவே, வீடு தேடி வரும் ஆய்வு நமக்கு எதிரியில்லை. மருத்துவமனைப் படியேற முடியாதவர்களின் நோயைக் கணக்கில் கொண்டுவருவது அதுதான். இருப்பினும் அந்த ஆய்வின் கேள்விகளை யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் அடுத்த சிக்கல் தொடங்குகிறது.

கேள்வியில் ஒளிந்திருக்கும் தீர்ப்பு

மேற்சொன்ன காசநோய் ஆய்வில், அறிகுறி இருந்தும் ஏன் மருத்துவரிடம் போகவில்லை என்று கேட்டனர். 68 விழுக்காட்டினர் 'அறிகுறிகளைப் பொருட்படுத்தவில்லை' என்ற பிரிவில் சேர்க்கப்பட்டனர். செலவு செய்ய வழியில்லை என்ற பிரிவில் வந்தவர்கள் வெறும் 2 விழுக்காட்டினர். மேலோட்டமாகப் படிப்பவர், மக்கள் அலட்சியமாக இருக்கிறார்கள், விழிப்புணர்வு ஊட்டினால் போதும் என்று முடிவு கட்டுவார்.

ஆனால் 'பொருட்படுத்தவில்லை' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது? ஒரு நாள் மருத்துவமனைக்குப் போனால் அன்றைய கூலி போகிறது. சளி கொடுக்க ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள் என்று மறுபடியும் போக வேண்டும். இருமலோடு வேலைக்குப் போய்ப் பழகிய உடல், வேலை செய்ய முடிகிற வரையில் அதை நோயென்று ஏற்பதில்லை. 'இருமல்தானே, சரியாயிடும்னு விட்டுட்டேன்' என்று அவர் சொல்லும்போது களப்பணியாளர் அதற்குரிய கட்டத்தில் குறியிடுகிறார். வாழ்நிலை ஒரு நடத்தையாகப் பதிவாகிறது. நடத்தை என்று பதிவானபின் பழி தனிமனிதர்மீது விழுகிறது.

கை கழுவுவதும் அப்படியே. 2018இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76ஆம் சுற்றில், சாப்பிடுவதற்கு முன் சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவும் குடும்பங்கள் 35.8 விழுக்காடு மட்டுமே என்று தெரிந்தது. இந்த எண்ணைத் தண்ணீர் பற்றிய எண்ணிலிருந்து பிரித்து எடுத்து வைத்தால் அது பழக்கத்தின் குறையாகத் தெரியும். சேர்த்து வைத்தால் உரிமையின் குறையாகத் தெரியும். குடும்பநல ஆய்வு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறது. கை கழுவும் இடத்தில் சோப்பும் தண்ணீரும் உள்ளனவா என்று பார்க்கவும் செய்கிறது. பாராட்டத்தக்கதே. ஆனால் அந்தத் தண்ணீரை நம்பிக் குடிக்க முடியுமா என்பதைச் சாதி தீர்மானிக்கும் நாடு இது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருப்பது தெரியவந்தது. குழந்தைகள் நோயுற்ற பிறகே அது வெளிவந்தது. அந்த ஊருக்கு ஓர் ஆய்வுக் குழு போயிருந்தால், 'குடிநீர் ஆதாரம்: குழாய்' என்ற கட்டத்தில் குறியிட்டிருக்கும். பாதுகாப்பான ஆதாரம் என்ற பட்டியலில் வேங்கைவயலும் சேர்ந்திருக்கும்.

குடும்பநல ஆய்வு பெண்களிடம், மருத்துவம் பெறுவதில் உங்களுக்கு என்ன இடர்ப்பாடு என்று கேட்டு ஒரு பட்டியலை வாசிக்கிறது. அனுமதி பெறுவது, பணம், தூரம், வாகனம், துணைக்கு ஆள், பெண் மருத்துவர் இல்லாமை, மருந்து இல்லாமை என்று அது நீள்கிறது. சாதியின் பெயரால் அவமதிக்கப்படுவேன் என்ற அச்சம் அதில் இல்லை. தீண்டாமையின் அடிப்படையில் மருத்துவமனையில் அனுமதி மறுப்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். சட்டம் எழுபது ஆண்டுகளாகக் குற்றம் என்று ஏற்றுக்கொண்ட ஒன்றை, வினாத்தாள் இன்னும் ஒரு விடையாகக்கூட ஏற்றுக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் கேட்டால் மக்கள் உண்மை சொல்வார்களா என்று புள்ளியியலாளர் சிலர் ஐயுறலாம். 2011-12இல் நடந்த இரண்டாம் இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வில், உங்கள் வீட்டில் தீண்டாமை கடைப்பிடிக்கிறீர்களா என்று நேரடியாகவே கேட்டனர். ஏறத்தாழ 27 விழுக்காட்டுக் குடும்பங்கள் ஏதோ ஒரு வடிவில் கடைப்பிடிப்பதாக ஒப்புக்கொண்டன. கடைப்பிடிப்பவரே ஒப்புக்கொள்ளும்போது, பாதிக்கப்பட்டவர் சொல்லமாட்டார் என்று எப்படிச் சொல்ல முடியும்? கேட்க வேண்டும் என்ற மனம்தான் தேவை.

சாதி என்னும் கட்டம்

எண்ணிக்கை நமக்குப் புதிய போர்க்களம் இல்லை. 1932இல் வாக்குரிமை குறித்து ஆராய்ந்த லோதியன் குழுவின் காலத்திலேயே, தங்கள் மாகாணத்தில் தீண்டப்படாதோர் இல்லை என்றும் மிகக் குறைவு என்றும் சாதி இந்துக்கள் வாதிட்டனர். அக்குழுவின் உறுப்பினராக இருந்த அம்பேத்கர் அதை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது. எண்ணிக்கையில் குறைத்துக் காட்டப்படும் மக்களுக்கு உரிமையும் குறையும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

குடும்பநல ஆய்வில் சாதி கேட்கப்படுகிறது. அதன் பயன் என்ன என்பதற்கு ஒரு சான்று போதும். 2015-16 ஆய்வின்படி, ஐந்து வயது நிறைவதற்குள் இறக்கும் குழந்தைகள் பட்டியல் சாதியினரிடையே ஆயிரத்துக்கு ஏறத்தாழ 56, பழங்குடியினரிடையே 57, எந்தப் பட்டியலிலும் வராத பிரிவினரிடையே 39. வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் போன்ற தொற்றுகளால் நேரும் சாவுகள் இவற்றுள் கணிசமானவை. சாதிக் கட்டம் இல்லாதிருந்தால் இந்த இடைவெளி சராசரிக்குள் புதைந்து போயிருக்கும். கொரோனா எதிரணு ஆய்வுகளில் நேர்ந்தது அதுவே. வயது, பால், வாழிடம் என்று முடிவுகள் வகைப்படுத்தி வெளியிடப்பட்டன. சாதிவாரி முடிவு பொதுவெளிக்கு வரவில்லை. குடிசைப் பகுதி என்ற சொல்லைக் கொண்டு நாம் சாதியை ஊகிக்க வேண்டியதாயிற்று.

இருக்கும் கட்டமும் போதுமானதாக இல்லை. குடும்பநல ஆய்வு வெளியிடும் அட்டவணைகளில் 'பட்டியல் சாதி' என்பது ஒற்றைக் கட்டம். பறையர், பள்ளர், அருந்ததியர், புதிரை வண்ணார் என்ற வேறுபாடுகள் அதனுள் கரைந்துவிடுகின்றன. சாக்கடையிலும் மலக்குழியிலும் இறக்கப்படும் உடலுக்கும், அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் உடலுக்கும் தொற்று அபாயம் ஒன்றில்லை. கிறித்தவராக மாறிய தலித்துகளின் நிலை இன்னும் குழப்பமானது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தினரை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்கிறது. ஒரே தெருவில் ஒரே தண்ணீரைக் குடிக்கும் இரண்டு குடும்பங்களில் ஒன்று ஒரு கட்டத்திலும் மற்றொன்று வேறொரு கட்டத்திலும் விழக்கூடும். கிருமிக்கு அந்த ஆணை தெரியாது.

செய்ய மனமிருந்தால் முடியும் என்பதற்கும் சான்று உண்டு. 'நமஸ்தே' திட்டத்தின்கீழ் நகரங்களில் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்களைப் பதிவு செய்தபோது சாதியும் பதிவாயிற்று. 2024இல் வெளியான விவரத்தின்படி, அதுவரை விவரம் சேகரிக்கப்பட்ட சுமார் 38 ஆயிரம் பேரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். யார் என்று தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி, அவர்களுள் எத்தனை பேருக்குக் காசநோய், மஞ்சள் காமாலை, எலிக்காய்ச்சல் என்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்கும் மக்கள்தொகை ஆய்வை நாம் கோர வேண்டும். 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மலம் அள்ளும் தொழிலில் உள்ளோர் குறித்து நாடு தழுவிய ஆய்வு நடத்தப் பணித்தது. அத்தகைய ஆய்வில் உடல்நலத்தையும் இணைக்கச் சொல்லி வாதிட அத்தீர்ப்பு நமக்கு ஒரு கைப்பிடி.

சட்டம் நமக்குத் தரும் காப்பு

இரத்தம் கொடுப்போர் அறிந்திருக்க வேண்டிய சட்டநிலை இதுதான். 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தது. உடல்நலத் தகவல் அதனுள் அடங்கும். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, விவரம் அறிந்த ஒப்புதல் இல்லாமல் எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது என்கிறது. 6ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. யாருடைய இரத்தம் என்று அடையாளம் காண முடியாதவாறு, தனிநபரின் நிலையை அறியும் நோக்கமின்றிச் செய்யப்படும் கண்காணிப்பு ஆய்வுக்கு ஒப்புதல் கட்டாயமில்லை. அப்போதும் ஆய்வின் நோக்கத்தை மக்களுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இந்த வேறுபாட்டைத் தோழர்கள் நினைவில் கொள்ள வேண்டும். தெரிவிக்காமல் எடுத்தால் அது சட்டமீறல்.

முடிவை ஏன் சொல்வதில்லை என்ற இளைஞரின் கேள்விக்கும் இங்கேதான் விடை. மூன்றாவது குடும்பநல ஆய்வில் இரத்தத்தை வடிதாளில் உலர்த்தி, பெயரை நீக்கி, குறியீட்டு எண் மட்டும் ஒட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினர். எந்த இரத்தம் யாருடையது என்று பிறகு எவராலும் கண்டுபிடிக்க முடியாதபடி தொடர்பு அறுக்கப்பட்டது. முடிவைச் சொல்ல வேண்டுமானால் பெயரை வைத்திருக்க வேண்டும். பெயரை வைத்திருந்தால் அது ஊர்த் தேநீர்க் கடை வரை கசியும் ஆபத்து உண்டு. சொல்லாமல் இருப்பது அங்கே ஏமாற்று இல்லை, காப்பு. அதற்கு ஈடாக, விரும்புவோர் இலவசமாகச் சோதித்துக்கொள்ளும் மையத்தைக் காட்டும் பொறுப்பு ஆய்வுக் குழுவுக்கு உண்டு. இரத்த அழுத்தம் போன்ற சோதனைகளின் முடிவை அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மக்களிடம் விளக்காமல் இரத்தம் கேட்பதுதான் தவறு.

கதவருகே கேட்க வேண்டியவை

அந்தச் சேரிக்கு மறுபடியும் போகும்போது நாங்கள் சொல்லப்போவது இதைத்தான். கதவைத் திறவுங்கள், ஆனால் கேள்வி கேட்டுவிட்டுத் திறவுங்கள். ஆய்வை நடத்துவது யார், ஒப்புதல் அளித்த நெறிமுறைக் குழு எது? இரத்தம் எந்தெந்தச் சோதனைக்கு, மிச்சம் என்ன செய்யப்படும்? பெயர் நீக்கப்படுமா? எங்களுக்கு உடனே தெரியும் முடிவு எது, தெரியாத முடிவு எது? நோய் இருந்தால் எங்கே போவது? இவற்றுக்குத் தமிழில், புரியும்படி விடை கிடைக்காவிட்டால் மறுத்துவிடலாம். மறுத்ததற்காக ரேஷனையோ நூறு நாள் வேலையையோ நிறுத்துவோம் என்று யாரேனும் மிரட்டினால் அது சட்டவிரோதம். எங்களைப் போன்றவர்களை அழையுங்கள்.

கல்லூரித் தோழர்களுக்கு வேறொரு வேலை இருக்கிறது. குடும்பநல ஆய்வின் மாநில, மாவட்ட அறிக்கைகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. பெயர் நீக்கிய மூலத் தரவுகளும் ஆய்வுக்காக விண்ணப்பிப்போருக்கு வழங்கப்பட்டு வந்துள்ளன. சாதிவாரியாக வெளியிடப்படாத அட்டவணைகளை நாமே உருவாக்கலாம். அடுத்த சுற்றின் வினாத்தாளில் மருத்துவமனைத் தீண்டாமை குறித்த ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்லி மனு அளிக்கலாம். அரசு நடத்திய தொற்று ஆய்வுகளில் சாதி பதிவானதா, பதிவானால் ஏன் வெளியிடவில்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தொடங்கும் வழக்காடல் அது.

தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று யாரும் கேட்கவில்லை என்று சொன்ன அந்தப் பெண், எந்தப் புள்ளியியல் நூலையும் படித்தவர் இல்லை. ஆனால் அந்த வினாத்தாளில் விடுபட்டிருந்த கேள்வி எது என்பதை அதைத் தயாரித்தவர்களைவிட அவர் தெளிவாக அறிந்திருந்தார். கேள்விகளை எழுதும் மேசையில் அவருக்கு ஓர் இருக்கை கிடைக்கும் வரை, அவர் கேட்டதை நாம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.